முட்டுக் கொடுத்த இறக்கை

இயந்திரவியல் துறை மூன்றாம் ஆண்டு மாணவன்



1953ஆம் ஆண்டு ஜனவரி மாதம் பிரான்ஸ் நாட்டில் ஒரு விமானம் முதன்முறையாக மேலே எழும்பியது. பெயர் யூரெல்-டுபுவா எச்.டி.31. இரண்டே இரண்டு பிஸ்டன் என்ஜின், ஒவ்வொன்றும் 800 குதிரைத்திறன். சக்கரங்கள்கூட உள்ளே மடங்காது, காலைத் தொங்கப்போட்டுக் கொண்டேதான் பறக்கும். இதில் என்ன அதிசயம் என்கிறீர்களா? இறக்கையைப் பாருங்கள். ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்குச் சுமார் 45 மீட்டர்!

45 மீட்டர் என்றால் எவ்வளவு என்று மனதுக்குப் பிடிபட ஒரு கணக்குச் சொல்கிறேன். போயிங் 707இன் பெரிய ரகம் நான்கு ஜெட் என்ஜின் பூட்டி, ஏறக்குறைய 150 டன் எடையோடு கடல் கடந்து போனது. அதன் இறக்கை 44.4 மீட்டர். அந்தக் காலத்தில் உலகமெங்கும் ஓடிக்கொண்டிருந்த டி.சி.3 விமானத்துக்கு 29 மீட்டர். நம்ம எச்.டி.31, டி.சி.3 செய்த வேலையைச் செய்ய வந்த விமானம். ஆனால் இறக்கை மட்டும் 707ஐத் தாண்டி நிற்கிறது. பரப்பளவு சுமார் 100 சதுர மீட்டர்தான். 100ஐ 45ஆல் வகுத்துப் பாருங்கள், சராசரி அகலம் 2.2 மீட்டர் வருகிறது. தச்சர் ஸ்கேல் ஒன்றைக் குறுக்கே வைத்து ஒட்டினது போல் இருக்கும் அந்தப் படம்.

நூலகத்தில் பழைய விமானப் புத்தகம் ஒன்றில் இந்தப் படத்தைப் பார்த்தேன். இந்த மாதிரிப் புத்தகங்களில் இப்படிப்பட்ட விமானங்களுக்கு இரண்டு வரிதான் கிடைக்கும். கட்டினார்கள், பறந்தது, யாரும் வாங்கவில்லை, முடிந்தது. நானும் பக்கத்தைப் புரட்டியிருப்பேன். ஆனால் இறக்கைக்கு அடியில் சாய்வாக ஒரு கம்பம் போகிறதே, அது என்னை விடவில்லை. எங்கள் அப்பா கட்டட வேலையில் சாரம் கட்டுகிறவர். சவுக்குக் கம்பையும் கயிற்றையும் பார்த்து வளர்ந்தவனுக்கு அந்தச் சாய்வுக் கம்பம் என்ன வேலை செய்கிறது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முட்டு!

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டைக்கு வாருங்கள். இந்த விமானம் தோற்றுவிட்டது என்று சொல்வது தவறு. விற்பனையாவது வேறு, தோற்பது வேறு. ஒரு மாதிரி விமானத்துக்கு, அதாவது புரோட்டோடைப்புக்கு, மார்க் போட வேண்டுமென்றால் எத்தனை விற்றது என்று கேட்கக் கூடாது. அதன் கணக்கு அடுத்தவன் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்றுதான் கேட்க வேண்டும்.

கணக்கு என்றதும் ஓடிவிடாதீர்கள். நம்ம செகண்ட் இயர் ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் போதும்.

இறக்கைக்கு அடியில் காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. அதனால்தான் விமானம் தூக்கப்படுகிறது. ஆனால் அழுத்தம் அதிகமான இடத்திலிருந்து குறைவான இடத்துக்குப் போக காற்றுக்குச் சொல்லித்தர வேண்டுமா என்ன? நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறப் பார்க்கும். அங்கே சுழல் உண்டாகிறது. அந்தச் சுழலைக் கிளப்ப ஆகிற சக்தி என்ஜினிடமிருந்துதான் போக வேண்டும். இதற்கு இண்டியூஸ்டு டிராக் என்று பெயர். தூக்குவதற்காக நாம் கட்டுகிற வரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வரியைக் குறைக்க வழி, இறக்கையை நீளமாகவும் ஒடுக்கமாகவும் ஆக்குவது. நீளத்தின் வர்க்கத்தைப் பரப்பளவால் வகுத்தால் வருவது ஆஸ்பெக்ட் ரேஷியோ. மற்றதெல்லாம் அப்படியே இருக்க, இந்த எண்ணை இரண்டு மடங்காக்கினால் அந்த வரி பாதியாகும். இது ஜெர்மனியில் பிராண்டல் முதல் உலகப் போர் முடிகிற சமயத்தில் வெளியிட்ட கணக்கு, யூரெல் கண்டுபிடித்தது இல்லை. கிளைடர் கட்டுகிறவர்கள் அப்போதிலிருந்தே நீளநீளமாக இறக்கை வைத்துப் பறந்தார்கள். டி.சி.3க்கு இந்த எண் சுமார் 9. எச்.டி.31க்கு 20.

மெதுவாகப் பறக்கும்போதுதான் இந்த வரி அதிகம். மிகக் குறைந்த இழுவை உள்ள வேகத்தில் மொத்த இழுவையில் சரிபாதி இதுதான், அதற்குக் கீழே போகப் போகப் பாதிக்கும் மேல். விமானம் எப்போது மெதுவாக, பாரமாகப் போகிறது? கிளம்பி மேலே ஏறும்போது. அப்போது இரண்டு என்ஜினில் ஒன்று நின்றுவிட்டால்? மிச்சமுள்ள ஒன்று இழுவையைச் சமாளித்ததுபோகக் கொஞ்சம் சக்தி கையில் வைத்திருந்தால்தான் மேலே ஏற முடியும். இல்லாவிட்டால் கீழேதான். ஆகவே நீள இறக்கை என்பது எரிபொருள் சிக்கனத்துக்கு மட்டுமல்ல, உயிருக்கும் தான். சின்ன ஓடுதளத்திலிருந்து, சின்ன என்ஜினோடு, பெரிய பாரத்தை ஏற்றிக்கொண்டு பத்திரமாகக் கிளம்ப வேண்டும் என்பது தான் இந்த மனிதர் தனக்குத் தானே போட்டுக்கொண்ட கேள்வி.

அப்படியானால் ஏன் எல்லோரும் அப்படிக் கட்டவில்லை? இங்கேதான் நம்ம சப்ஜெக்ட் வருகிறது. இறக்கை என்பது கேண்டிலீவர் பீம், வீட்டு ஜன்னலுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடு மாதிரி. பரப்பளவையும் மொத்தத் தூக்குவிசையையும் மாற்றாமல் நீளத்தை மட்டும் இரண்டு மடங்காக்குங்கள். வேரில் பெண்டிங் மொமென்ட் இரண்டு மடங்காகிறது. பரப்பளவு மாறக் கூடாது என்பதால் அகலம் பாதியாகிறது, அகலம் பாதியானால் அதே வடிவத்துக்கு கனமும் பாதி. உள்ளே ஓடுகிற ஸ்பாரின் உயரம் பாதியாகிவிட்டது! மொமென்ட் இரண்டு மடங்கு, உயரம் அரை மடங்கு. ஸ்பாரின் மேல் பட்டையிலும் கீழ்ப் பட்டையிலும் வருகிற விசை நான்கு மடங்கு. அதைத் தாங்க உலோகத்தைப் போட்டுக்கொண்டே போனால், காற்றிடம் மிச்சம் பிடித்ததை எடையில் பறிகொடுப்போம். ஒரு கையில் வாங்கி மறு கையில் கொடுத்த கதை.

யூரெல் செய்தது இதுதான். உடற்பகுதியின் அடியிலிருந்து இறக்கைக்குச் சாய்வாக ஒரு ஸ்ட்ரட் கொடுத்தார். அவ்வளவுதான். கேண்டிலீவர் இப்போது நடுவில் தாங்கல் உள்ள பீம் ஆகிவிட்டது. வேரில் வரும் மொமென்ட் மளமளவென்று இறங்கிவிடும், ஸ்பார் மெலிசாகலாம்.

இதை அப்பாவிடம் நான் படம் போட்டுக் காட்டினேன். கான்கிரீட் இறுகுகிறவரை சன்ஷேடுக்கு முட்டுக் கொடுத்துப் பழகின மனிதர். அவர் கேட்டது ஒன்றுதான்: "மேலே போறப்ப அது தூக்குமா, தொங்குமாடா?" எனக்கு அப்படியே ஆகிவிட்டது. ஏனென்றால் சரியான கேள்வியே அதுதான். தரையில் நிற்கும்போது இறக்கை தொங்கும், ஸ்ட்ரட் அழுத்தத்தில் இருக்கும், சாரத்து முட்டு மாதிரி. பறக்கும்போது காற்று இறக்கையை மேலே தள்ளும், ஸ்ட்ரட் இழுவிசையில் இருக்கும், அதாவது கயிறு வேலை. இழுக்கும்போது மெல்லிய கம்பி போதும், அழுத்தும்போது வளைந்துவிடும். ஒரே உறுப்பு இரண்டு வேலையையும் செய்ய வேண்டும். நமக்கு யூலர் ஃபார்முலாவைப் போர்டில் எழுதிப் போட்டு இரண்டு பிராப்ளம் கொடுத்தார்கள். அது எதற்கு என்று அன்றைக்கு யாரும் இந்த மாதிரி கேட்கவில்லை.

யூரெல் யார் என்று கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கதை ருசிக்காது. மோரிஸ் யூரெல் 1920களிலேயே பிரெஞ்சுக் கடற்படைக்குக் கடல் விமானங்களை வடிவமைத்த அனுபவசாலி. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தென் பிரான்சின் கான் நகரத்தில் எஸ்.ஓ.90 என்ற சிறு பயணிகள் விமானத்தின் மாதிரி தயாராகி நின்றது. ஆனால் அந்தப் பகுதி இத்தாலியர்களின் பிடியில் இருந்தது, பறக்க அனுமதி இல்லை. 1943 ஆகஸ்டில் என்ன செய்தார் தெரியுமா? அந்த விமானத்தில் ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளப்பினார், நேரே மத்தியதரைக் கடலைத் தாண்டி அல்ஜீரியாவில் பிலிப்வில் நகரத்தில் இறக்கினார். இன்றைக்கு அந்த ஊர் ஸ்கிக்டா. அந்த விமானத்துக்கு அதுதான் முதல் பறப்பு! சோதனைப் பறப்பிலேயே கடலைத் தாண்டித் தப்பித்த மனிதர் இவர். தன் கணக்கை எவ்வளவு நம்பியிருக்க வேண்டும்!

போர் முடிந்தபின் லியோன் டுபுவா என்பவரோடு சேர்ந்து கம்பெனி தொடங்கினார். எடுத்த எடுப்பில் பெரிய விமானம் கட்டவில்லை. இதை நம்ம புராஜெக்ட் பேட்ச் எல்லாம் கவனிக்க வேண்டும். 1948இல் எச்.டி.10 என்று ஒரு குட்டி விமானம். இறக்கை சுமார் 12 மீட்டர், ஆஸ்பெக்ட் ரேஷியோ 32.5. கணக்குப் போட்டால் இறக்கையின் அகலம் 37 சென்டிமீட்டர்! ஏறக்குறைய வீட்டுப் படிக்கட்டின் ஒரு படி அளவுக்கு அகலமுள்ள பலகையில் ஒரு மனிதன் ஆகாயத்தில் போகிறான். அந்தக் குட்டி பறந்து காட்டிய பிறகுதான் அரசாங்கத்தின் ஆதரவோடு எச்.டி.31, அதைவிடச் சக்தியுள்ள என்ஜின் வைத்த எச்.டி.32 எல்லாம் வந்தன. எச்.டி.32க்கு டி.சி.3 குடும்பத்தில் இருந்த அதே ரக அமெரிக்க என்ஜின். அதே என்ஜினை வைத்து டி.சி.3யைவிட அதிக எடையைத் தூக்கியது. கேள்விக்கு விடை சரி.

பிறகு ஏன் விற்கவில்லை?

எங்கள் ஹாஸ்டலில் இதைப் பற்றிப் பேசினபோது ஒரு நண்பன் பட்டென்று சொன்னான்: "மச்சான், மெதுவா போற பிளேனை எவன் வாங்குவான்? மெதுவா போறதுக்கு பஸ் இருக்கே!" சிரித்துவிட்டு விடுகிற விஷயம் இல்லை இது. அவன் சொன்னதில் நியாயம் இருக்கிறது, யூரெல் பக்கம் பேசுகிறவர்கள் அதை மறைக்கக் கூடாது. எச்.டி.32 மணிக்கு 300 கிலோமீட்டருக்குள் போகிற விமானம். 1953 ஏப்ரலில், அதாவது எச்.டி.31 பறந்த மூன்றே மாதத்தில், இங்கிலாந்தின் விக்கர்ஸ் வைகவுண்ட் பயணிகள் சேவைக்கு வந்துவிட்டது. டர்போபிராப் என்ஜின், மணிக்கு சுமார் 500 கிலோமீட்டர், மேசைமேல் நாணயத்தை நிறுத்தி வைக்கிற அளவுக்கு அதிர்வில்லை என்று விளம்பரம். விமான நிறுவனக்காரர் எண்ணுவது லிட்டரை மட்டுமில்லை. பைலட் சம்பளம் மணிக் கணக்கு, விமானம் வாங்கிய கடனின் வட்டி நாள் கணக்கு. வேகமாகப் போகிற விமானம் ஒரே நாளில் இரண்டு நடை கூடுதலாக அடிக்கும். அன்றைக்கு எண்ணெய் மலிவு. மெதுவாகப் போய் மிச்சம் பிடிக்கிற பணத்தைவிட, வேகமாகப் போய்ச் சம்பாதிக்கிற பணம் பெரிசு.

இன்னொரு பக்கம் டி.சி.3யே எதிரி. போருக்காக அதன் ராணுவ வடிவத்தைப் பத்தாயிரம் வரை கட்டிக் குவித்தார்கள். போர் முடிந்ததும் அவையெல்லாம் அடிமாட்டு விலைக்குச் சந்தைக்கு வந்தன. பழைய சைக்கிள் ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும்போது புது சைக்கிளின் செயின் எவ்வளவு நன்றாக இருந்தால் என்ன? மேலே வைகவுண்ட், கீழே மலிவு டி.சி.3, நடுவில் மாட்டிக்கொண்டது எச்.டி.32. போதாதற்கு 45 மீட்டர் இறக்கையை எந்த ஹேங்கரில் நுழைப்பது? 20 டன்கூட இல்லாத விமானத்துக்கு 150 டன் விமானத்தின் இடம் கேட்டால் யார் கொடுப்பார்கள்?

ஆகவே மேதையை உலகம் புரிந்துகொள்ளவில்லை, அதிகாரிகள் கெடுத்துவிட்டார்கள் என்று கண்ணீர் வடிக்கிற கட்சியில் நான் இல்லை. அந்த விலையில், அந்த ஆண்டில், வாங்காதவர்கள் முட்டாள்கள் இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் கேட்கிறேன். வாங்குகிறவர்கள் எல்லாம் பெரிய ஊருக்கும் பெரிய ஊருக்கும் நடுவே பறக்கிறவர்கள். மண் ஓடுதளத்தில் வாரத்துக்கு ஒரு நாள் மருந்தும் தபாலும் வருமா என்று காத்திருக்கிற ஊருக்கு மணிக்கு 500 கிலோமீட்டர் எதற்கு? அந்த ஊர்க்காரர்களுக்கு ஆர்டர் போடுகிற மேசையில் நாற்காலி கிடையாது. விற்பனையை மட்டும் வைத்து மார்க் போட்டால், காசு உள்ளவனின் தேவைக்கு மட்டுமே மார்க் விழும்.

சரி, ஒரு ஆளுக்கு இந்த விமானம் கச்சிதமாகப் பிடித்துப்போயிற்று. பிரான்சின் தேசிய நில அளவை நிறுவனம். ஆகாயத்திலிருந்து ஃபோட்டோ எடுத்து மேப் போடுகிறவர்கள். அவர்களுக்கு வேகம் வேண்டாம். ஆடாமல் அசையாமல், மெதுவாக, மணிக்கணக்கில் நேர்கோட்டில் போக வேண்டும். வயல் உழுவது போல ஒரு சால் முடித்துத் திரும்பி, பக்கத்துச் சால் பிடிக்க வேண்டும். அதுவரை போர்க்காலத்து பி-17 குண்டுவீச்சு விமானங்களைக்கூட இந்த வேலைக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்காகவே எச்.டி.34 என்ற ரகம் 1957இல் பறந்தது. மொத்தம் எட்டு விமானம். 1980களின் நடுப்பகுதிவரை, ஏறக்குறைய முப்பது வருஷம், வேலை பார்த்தன. பயணிகளுக்கு வேண்டாம் என்று ஒதுக்கப்பட்ட அதே மெதுவான போக்குக்கு இங்கே சம்பளம் கிடைத்தது.

அதைவிட எனக்குப் பெரிதாகப் படுவது கடலுக்கு அந்தப் பக்கம் நடந்தது. இங்கிலாந்தில் மைல்ஸ் என்ற விமானக் கம்பெனி யூரெல்-டுபுவாவோடு கூட்டுச் சேர்ந்தது. தங்களுடைய பழைய ஏரோவேன் என்ற சின்ன சரக்கு விமானத்தை எடுத்தார்கள். இறக்கையைக் கழற்றிவிட்டு, யூரெல் முறையில் நீள இறக்கை மாட்டி 1957இல் பறக்கவிட்டார்கள். எச்.டி.எம்.105 என்று பெயர். மறு வருஷம் தரையிறங்கும்போது சேதமாகி மூலையில் உட்கார்ந்தது. அதை ஒட்டிப் போட்ட அடுத்த டிசைனுக்குப் பணம் கிடைக்கவில்லை. இங்கேயும் புத்தகக் கணக்கில் தோல்விதான்! ஆனால் அந்த டிசைன் விவரங்களை வட அயர்லாந்தில் பெல்ஃபாஸ்ட் நகரத்து ஷார்ட் பிரதர்ஸ் கம்பெனி வாங்கிக்கொண்டது. அப்படியே காப்பி அடிக்கவில்லை. ஆஸ்பெக்ட் ரேஷியோவை 20இல் வைத்துக்கொண்டு அடம் பிடிக்காமல் 11க்கு இறக்கினார்கள். முட்டை மட்டும் விடவில்லை. 1963 ஜனவரியில் பறந்தது ஸ்கைவேன்.

பார்க்க அழகு என்று சொல்ல முடியாது. பறக்கும் ஷூ பெட்டி என்று கேலிப் பெயரே உண்டு. ஆனால் பின்கதவைத் திறந்தால் ஒரு ஜீப்பை ஓட்டிக்கொண்டு உள்ளே போகலாம், குட்டி ஓடுதளத்திலிருந்து கிளம்பலாம். இரண்டாவது ரகத்துக்கு மாட்டின டர்போபிராப் பிரான்சின் அஸ்டாஸூ என்ஜின். இறக்கைக் கருத்தும் பிரான்ஸ், என்ஜினும் பிரான்ஸ், விமானம் மட்டும் பெல்ஃபாஸ்ட்! ஸ்கைவேனை நீட்டி 1974இல் ஷார்ட் 330, அதையும் நீட்டி 1981இல் ஷார்ட் 360. மூன்றும் சேர்ந்து நூற்றுக்கணக்கில் விற்றன. மூன்றிலும் இறக்கைக்கு அடியில் அந்தச் சாய்வுக் கம்பம் இருக்கிறது. இன்றைக்கும் பாராசூட்டில் குதிக்கிறவர்களை ஏற்றிக்கொண்டு ஸ்கைவேன்கள் சில ஊர்களில் பறக்கின்றன. படம் கிடைத்தால் இறக்கைக்கு அடியில் பாருங்கள்.

பெல்ஃபாஸ்ட்காரர்கள் கைக்கு முதலில் போனது விமானம் இல்லை தோழர்களே, காகிதம். எவ்வளவு பாரம் ஏற்றினால் எவ்வளவு வளைகிறது, எந்த வேகத்தில் என்ன நடக்கிறது, எங்கே பிசகு வந்தது என்று எழுதி வைத்த காகிதம். மைல்ஸ் கம்பெனி மாதிரி மூலையில் கிடந்தபோதும் அது செத்துப்போகவில்லை.

இப்போது 2023க்கு வாருங்கள். அமெரிக்காவின் நாசாவும் போயிங்கும் சேர்ந்து அந்த ஜனவரியில் ஒரு திட்டத்தை அறிவித்தன. பிறகு அதற்கு எக்ஸ்-66 என்று எண் கொடுத்தார்கள். பழைய எம்.டி.90 ஜெட் ஒன்றை எடுத்து, அதற்கு நீளமான மெல்லிய இறக்கை மாட்டி, அடியில் சாய்வாக ஸ்ட்ரட் கொடுப்பது. நோக்கம் எரிபொருளைக் குறைப்பது. திட்டமிட்ட இறக்கை நீளம் 145 அடி, அதாவது 44 மீட்டர். படித்தவுடன் சிரித்துவிட்டேன். எச்.டி.31க்கும் இதற்கும் ஒரு மீட்டர்தான் வித்தியாசம், எழுபது வருஷம் வித்தியாசம்!

நேர் வாரிசு என்று நான் சொல்லவில்லை. ஜெட் வேகத்தில் ஸ்ட்ரட்டும் இறக்கையும் சேருகிற மூலையில் காற்று படுத்துகிற பாடு வேறு ரகம், யூரெலுக்கு அந்தத் தலைவலி இல்லை. 2025 ஏப்ரலில் அந்தப் பறக்கும் மாதிரியைக் கட்டுவதையும் நிறுத்தி வைத்துவிட்டார்கள். மெல்லிய இறக்கையைப் பற்றிய ஆராய்ச்சியை முதலில் செய்வோம் என்று முடிவு. ஆனால் கேள்வி அதே கேள்விதான். எண்ணெய் விலை ஏறிவிட்டது, புகையைப் பற்றிய கவலையும் வந்துவிட்டது, 1953இல் யாருக்கும் வேண்டாத கேள்வி இப்போது எல்லோருக்கும் வேண்டியிருக்கிறது. ஹேங்கர் பிரச்சினையும் மாறவில்லை. போயிங் 777எக்ஸ் தரையில் இறங்கினதும் இறக்கை நுனியை மடக்கிக்கொள்கிறதே, அது விமான நிலையத்து இடத்துக்குள் நுழைவதற்காகத்தான்.

யூரெலின் கம்பெனி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். மூடவில்லை. முழு விமானம் கட்டுவதை விட்டுவிட்டு, ஜெட் என்ஜினைச் சுற்றியுள்ள கூட்டையும், தரையிறங்கும்போது காற்றைத் திருப்பி பிரேக் போடுகிற அமைப்பையும் செய்யப் போனது. பல கைமாறி இன்றைக்கு சஃப்ரான் நசெல் என்ற பெரிய கம்பெனிக்குள் இருக்கிறது. யூரெல் மட்டும் இறக்கையை விடவில்லை. எழுபது வயதைத் தாண்டிய பிறகு, 1970களில், மனிதன் காலால் மிதித்தே பறக்கிற விமானம் ஒன்று செய்தார். இறக்கை 40 மீட்டர்! வயசான காலத்தில் இது தேவையா என்று அந்த வீட்டில் யாராவது கேட்டிருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

இப்போது நம்ம விஷயம். கோபப்படாமல் படியுங்கள்.

வைவாவில் நம்மிடம் கேட்கப்படுகிற முதல் கேள்வி, "ஓடுதா?" ஓடினால் நல்ல மார்க். ஓடாவிட்டால் தலையைக் குனிந்துகொண்டு வர வேண்டும். அதனால் என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஓடாது என்று தெரிந்த பேட்ச் கடைசி வாரத்தில் கடையில் ரெடிமேடாக வாங்கிப் பெயின்ட் அடித்துக் கொண்டுவந்து வைக்கிறது. சொந்தமாகச் செய்து பாதியில் நின்றவன் ஃபெயில், வாங்கி வைத்தவன் ஃபர்ஸ்ட் கிளாஸ்.

எங்களுக்கு முன் பேட்ச் அண்ணன்கள் கையால் சுற்றுகிற வேர்க்கடலை உரிக்கும் மெஷின் ஒன்று செய்தார்கள். ஓடியது. ஆனால் பருப்பு உடைந்தது. சல்லடைக்கும் உருளைக்கும் நடுவே இடைவெளியை மாற்றி மாற்றி என்னென்னவோ செய்து பார்த்தார்கள். எந்த இடைவெளியில் எவ்வளவு உடைந்தது என்று அவர்களில் ஒருவர் ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்ததை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். தேர்வு முடிந்ததும் மெஷின் பழைய இரும்புக்குப் போயிற்று. ஷாப்பில் இடம் வேண்டுமே. ஏ1 டிராயிங் ஷீட்டுகள் ஜன்னல் வெயிலை மறைக்கப் போயின. இந்த வருஷம் எங்கள் வகுப்பில் ஒரு பேட்ச் எடுத்திருப்பது என்ன? அதே கடலை உரிக்கும் மெஷின். அதே இடைவெளி, அதே உடைசல், முதலிலிருந்து ஆரம்பம். பேட்சுக்கு ஆறு பேர், ஆளுக்கு இவ்வளவு என்று வீட்டில் கேட்டு வாங்கிய பணம். எங்கள் வீட்டில் அந்தத் தொகைக்கு அப்பா எத்தனை நாள் சாரத்தில் ஏற வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதில் யாரையும் தனியாகக் குறை சொல்வதற்கில்லை. மார்க் போட்டதும் எல்லோருக்கும் வேலை முடிந்துவிடுகிறது.

மைல்ஸ் கம்பெனி தன் காகிதத்தையும் ஜன்னலில் ஒட்டியிருந்தால் பெல்ஃபாஸ்ட்காரர்கள் எதை வாங்கியிருப்பார்கள்?

ஆகவே மாணவர் மன்றத்துக்கு என் வேண்டுகோள் இது. ஒவ்வொரு புராஜெக்டுக்கும் பைண்டு பண்ணிய ரிப்போர்ட் ஒன்று நூலகத்தில் இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதில் ஓடியது மட்டும்தான் இருக்கும், அதுவும் முந்தின வருஷ ரிப்போர்ட்டைப் பார்த்து எழுதியது. எனக்கு வேண்டியது அதுவல்ல. கிறுக்கல் நோட்டு. எது உடைந்தது, எது வளைந்தது, எந்த அளவில் கைவிட்டோம் என்று அழுக்குக் கையோடு எழுதின பக்கங்கள். டிராயிங்கும் அந்த நோட்டும் சேர்த்து ஒரு கட்டு. துறைக்கு ஒரு தட்டு, மூன்றாம் ஆண்டு மாணவர்கள் ஜூலையிலேயே போய்ப் புரட்டிப் பார்க்கிற மாதிரி ஷாப்பை ஒட்டின ரூமில் ஒரு அலமாரி. ஓடாத புராஜெக்டின் நோட்டு சரியாக இருந்தால் அதற்கும் மார்க் உண்டு என்று துறைத் தலைவர்களிடம் மன்றம் போய்ப் பேச வேண்டும். பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் நானும் வருகிறேன்.

அலமாரிக்கு எல் ஆங்கிள் வெட்டி வெல்டிங் பண்ணிக் கொடுக்க எங்கள் பேட்ச் தயார். பூட்டு ஒன்று மட்டும் மன்றம் வாங்கித் தரட்டும், சாவி ஷாப் அசிஸ்டென்ட் அண்ணனிடம் இருக்கட்டும். கடலை மெஷின் அண்ணன்களில் ஒருவரை விலாசம் பிடித்துக் கடிதம் போட்டிருக்கிறேன். நோட்டு இன்னும் அவரிடம் இருக்கிறதாம், அடுத்த மாதம் ஊருக்கு வரும்போது கொண்டுவந்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்.